டிராக் சைக்கிளிங்குக்கு வர நினைக்கிறவர்களுக்கு, ஓட்டிப் பார்த்தவள் சொல்வது

பிள்ளையை டிராக் சைக்கிளிங்கில் (வளைவில் சரிந்திருக்கும் நீள்வட்டத் தளத்தில் நடக்கும் சைக்கிள் பந்தயம்) சேர்க்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இந்தப் பிள்ளை ஜெயிப்பது 100 மீட்டரிலா, 1500 மீட்டரிலா என்பதுதான். சைக்கிளைப் பற்றிக் கேட்க வந்தால் ஓட்டத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று பார்ப்பார்கள். ஆனால் என் இருபதுகள் முழுவதையும் டிராக்கில் கழித்து, அதை வைத்தே ரயில்வேயில் வேலையும் வாங்கியவள் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நீ எந்தப் பிரிவுக்கான ஆள் என்பதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறாயோ அவ்வளவு வருடம் உனக்கு மிச்சம். டிராக்கில் நல்ல வருடங்கள் நிறைய கிடையாது.

டிராக்கில் இரண்டு வகை ஆட்கள். ஒரு பக்கம் தனிநபர் ஸ்பிரிண்ட், டீம் ஸ்பிரிண்ட், கெய்ரின், டைம் டிரயல். எல்லாமே சில பத்து விநாடிகளில் உயிரைக் கொடுக்கிற போட்டிகள். இன்னொரு பக்கம் டீம் பர்சூட், ஸ்கிராட்ச், பாயின்ட்ஸ் ரேஸ், எலிமினேஷன், பல பந்தயங்கள் சேர்ந்த ஆம்னியம், இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் மேடிசன். இவற்றுக்கு நீடித்து ஓட்டும் தெம்பு வேண்டும், கூட்டத்துக்குள் கணக்குப் போடவும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் உடம்பு வேறு, சாப்பாடு வேறு, ஜிம்மில் தூக்குகிற எடையும் வேறு. இரண்டையும் கலந்து பயிற்சி எடுத்தே பதினெட்டு வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

எனக்கு நாகர்கோவில் பக்கம். சின்ன வயதில் ஆரல்வாய்மொழிக் காற்றில் ரோடு சைக்கிள் ஓட்டியதால் நீண்ட தூரப் போட்டிகள் மேல்தான் ஆசை. அப்போது எங்களுக்குப் பக்கத்தில் இருந்த டிராக் திருவனந்தபுரம் காரியவட்டத்தில், எல்.என்.சி.பி.இ. (லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி) வளாகத்தில் உள்ளதுதான். அப்பா விடிவதற்கு முன்னால் பஸ் ஏற்றிவிடுவார். அங்கே இருந்த கோச் என்னை நின்ற இடத்திலிருந்து அரைச் சுற்று ஓட்டச் சொன்னார், இன்னொரு முறை ஓட்டச் சொன்னார், அப்புறம் தாண்டிக் குதிக்கச் சொல்லி அளந்து பார்த்தார். "மோளே, உனக்குப் பிடிச்சது வேற, உன் தொடைக்குப் பிடிச்சது வேற. தொடை சொல்றதைக் கேளு" என்றார். அழுகை வந்தது. ஆனாலும் அவர் பேச்சைக் கேட்டேன், என் வாழ்க்கை அமைந்ததே அதனால்தான்.

டிராக் சைக்கிளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அதில் பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது, ஃப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ரோடு சைக்கிள் பழக்கத்தில் ஒரு கணம் காலை நிறுத்தினால் போதும், பெடல் உன்னைத் தூக்கி எறியும். வேகத்தைக் குறைக்கப் பெடலுக்கு எதிராக மெல்லக் காலைக் கொடுக்க வேண்டும், அல்லது சரிவில் மேலே ஏறி வேகத்தைச் செலவழிக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரம் கற்றுக்கொடுப்பது வேகமாக ஓட்டுவதை அல்ல, நிறுத்துவதைத்தான். எந்த இடத்தில் தொடங்கினால் எந்த இடத்தில் நிற்கும் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் அடுத்த பாடம்.

டிராக்கில் உள்ளிருந்து மேலே மூன்று கோடுகள். கறுப்புக் கோடுதான் டிராக்கின் நீளத்தை அளக்கும் கோடு. அதற்கு மேலே சிவப்பு. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே இருப்பது ஸ்பிரிண்டரின் பாதை. கடைசி 200 மீட்டரில் முன்னால் போகிறவர் அதற்குள் வேகமெடுத்துவிட்டால் அங்கேயே இருக்க வேண்டும், பின்னால் வருபவரும் அவருக்கு உள்பக்கமாக நுழையக் கூடாது. அதற்கும் மேலே நீலம். மெதுவாக ஓட்டுகிறவர்கள் பயிற்சியின்போது நீலத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும், கறுப்பு வேகமாக வருகிறவர்களுக்கு. மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் முதலில் தோளுக்கு மேல் திரும்பிப் பார். பின்னால் வருபவர் சத்தம் கொடுத்தால் இருந்த கோட்டிலேயே இரு, பதறி நகராதே. நான் நேரில் பார்த்த பெரிய விழுதல்கள் பெரும்பாலும் போட்டியில் நடக்கவில்லை. பயிற்சி முடிந்து அசதியாக இறங்கும்போது, திரும்பிப் பார்க்காமல் ஒருவர் கோடு மாறியதால்தான் நடந்தன.

நம் நாட்டில் டிராக் என்றால் பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட்தான். லூதியானா, புனே பாலேவாடி, ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம் என்று ஆங்காங்கே இருக்கின்றன. நம் தமிழ்நாட்டில் சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூர் உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலும் ஒரு வெலோட்ரோம் இருக்கிறது. மரத் தளமும் கூரையும் உள்ள 250 மீட்டர் டிராக் என்றால் டெல்லி இந்திரா காந்தி ஸ்டேடியம்தான், 2010 காமன்வெல்த் போட்டி நடந்தது அங்கேதான். தேசிய முகாமும் அங்கேதான் நடக்கும். சிமெண்டில் பழகிய நான் முதல் தடவை அந்த மரத் தளத்தைப் பார்த்தபோது வளைவில் ஒரு சுவர் சாய்ந்து நிற்பது போல இருந்தது. 40 டிகிரிக்கு மேல் சரிவு. கீழே நின்று பார்த்தால் இதில் யாரும் ஓட்ட முடியாது என்றுதான் தோன்றும். மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டினால் டயர் பிடித்துக்கொள்ளும், குறைந்தால் சறுக்கும். ஆக, பயந்து மெதுவாகப் போகிறவர்தான் விழுவார். இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாது. முன்னால் ஒரு நல்ல ரைடரை விட்டு, அவர் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போகச் சொன்னால் மூன்றாவது சுற்றில் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்.

சிமெண்டிலிருந்து மரத்துக்குப் போகிறவர்கள் கியர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கணக்கு எளிது: முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்து 27-ஆல் பெருக்கு, வருவதுதான் இன்ச்சில் கியரின் அளவு. 49-க்கு 15 போட்டால் 88 இன்ச், 50-க்கு 14 போட்டால் 96, 52-க்கு 14 என்றால் 100. காற்றடிக்கிற சிமெண்ட் டிராக்கில் 90 போதும் என்றிருந்த பிள்ளை மரத்தில் அதே கியரில் கால் மிஷின் மாதிரி சுற்றி மூச்சு வாங்கும். இன்று உலக அளவில் ஸ்பிரிண்டர்கள் 120 இன்ச்சுக்கும் மேலே போகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பெரிய கியர் மாட்டிவிடுகிற கோச்சுகள் இருக்கிறார்கள், தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜூனியர் வயதில் சிறிய கியரில் காலை வேகமாகச் சுற்றப் பழக வேண்டும். ரோலரில் (நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்டும் உருளைகள்) நிமிடத்துக்கு 150 சுற்று வரை இடுப்பு துள்ளாமல் சுற்ற வந்த பிறகு ஜிம்மில் பலம் ஏறட்டும், அதற்குப் பின்னால் ஒவ்வொரு பல்லாகக் கூட்டலாம். பெரிய கியரை முதலிலேயே தள்ளிய முழங்கால்கள் 22 வயதில் பேச ஆரம்பித்துவிடும்.

சைக்கிளைப் பற்றி ஒன்று. காசு இல்லாமல் பழைய ரோடு சைக்கிளின் ஃப்ரீவீல் ஹப்பில் (சக்கரத்தின் மையப் பகுதி) ஃபிக்ஸட் பல்சக்கரம் மாட்டி ஓட்டுகிறவர்களைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது உயிருக்கே ஆபத்து. டிராக் ஹப்பில் பல்சக்கரத்துக்கு மேலே லாக்ரிங் என்று ஒன்று இருக்கும், அதன் மரை எதிர்த்திசையில் இருக்கும். எதிர்க்கால் கொடுக்கும்போது பல்சக்கரம் கழன்று வராமல் பிடிப்பது அதுதான். ஃப்ரீவீல் ஹப்பில் அது கிடையாது. காசு குறைவு என்றால் ஃப்ரேம் சுமாராக இருக்கட்டும், சக்கரம் நல்லதாக இருக்கட்டும். செகண்ட் ஹேண்டில் கார்பன் ஃப்ரேம் வாங்கினால் பெடல் அச்சுப் பகுதியையும் பின்சக்கரம் மாட்டும் இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்து விரிசல் தேடுங்கள். புது கார்பன் டிராக் சைக்கிளும் டிஸ்க் வீலும் (கம்பி இல்லாத மூடிய சக்கரம்) சேர்ந்தால் பல லட்சம், அதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்தச் செலவைப் பிள்ளை தேசியப் போட்டிக்குப் போகும் முன்னால் எந்தக் குடும்பமும் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. கடன் வாங்கி டிஸ்க் வீல் வாங்கிக்கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். பிள்ளை தலையில் ஏறுகிற அந்தப் பாரம் காலில் வேகமாக மாறாது.

டியூபை உள்ளே வைத்துத் தைத்த டியூபுலர் டயரை ரிம்மில் பசை போட்டு ஒட்டும் வேலையை நான் எப்போதும் பிறரிடம் விட்டதில்லை. ரிம்மில் மெல்லிசாக ஒரு பூச்சு, டயரின் துணிப்பட்டையில் ஒரு பூச்சு, ராத்திரி முழுக்கக் காய வேண்டும். மறுநாள் இன்னொரு பூச்சு. கடைசிப் பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போது வால்வை மேலே வைத்து, இரண்டு பக்கமும் கையால் இழுத்துக்கொண்டே கீழே வந்து, கடைசி ஒரு சாண் நீளத்தை இரண்டு கட்டைவிரலால் தூக்கி ஏற்றி, கொஞ்சம் காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து நேர் செய்ய வேண்டும். ஒரு நாள் விட்டுவிட்டு, காற்றை இறக்கிக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார். ரிம்மின் ஓரத்தில் ஒரு நூலளவு பிரிந்தாலும் அந்தச் சக்கரத்தில் ஏறாதே. போட்டியில் 150 பிஎஸ்ஐக்கு மேல் காற்றோடு வளைவில் போகும்போது டயர் உருண்டு கழன்றால் பின்னால் வருகிற எல்லாரும் சேர்ந்து விழுவார்கள்.

போட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் தனிநபர் ஸ்பிரிண்டை முதல் முறை பார்க்கிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். இரண்டு பேர் நடை வேகத்தில் போவார்கள், சில சமயம் அப்படியே அசையாமல் நிற்பார்கள். ஒரு தடவை நின்றால் 30 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. முன்னால் போகிறவருக்குக் காற்று, பின்னால் இருப்பவருக்கு நிழல். அதனால் யாரும் முன்னால் போக விரும்ப மாட்டார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் ஃப்ளையிங் 200 என்ற தகுதிச் சுற்று இருக்கிறது. அதில்தான் யார் யாரோடு மோதுவது என்பது முடிவாகும். மேல் கம்பியை ஒட்டி வேகம் கூட்டிக்கொண்டே வந்து, சரிவிலிருந்து கறுப்புக் கோட்டுக்கு விழுந்து 200 மீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன் அதை 9.088 விநாடியில் முடித்தார். மணிக்கு 79 கிலோமீட்டர் வேகம் அது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் காலில் வேகம் இருந்தும் இந்த இறங்கும் கோட்டில்தான் கோட்டை விடுகிறார்கள். சீக்கிரம் இறங்கினால் கடைசி 50 மீட்டரில் செத்துவிடுவார்கள், தாமதமாக இறங்கினால் வளைவு வெளியே தள்ளும். மரத் தளம் கிடைக்கிற நாட்களில் வேறு எதையும் விட இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி வியர்வை விடுவதை ஊரில் ரோலரிலேயே செய்துகொள்ளலாம்.

கெய்ரின் 1948-இல் ஜப்பானில் கோகுராவில் பந்தயச் சூதாட்டமாகத் தொடங்கியது. 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. முன்னால் டெர்னி என்ற சிறு மோட்டார் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகும், மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போது விலகும், அது வரை முந்தக் கூடாது. மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங்கை எங்கள் தலைமுறை ஆசிய ரைடர்கள் எல்லாருமே அண்ணாந்து பார்த்தோம். குள்ளமான ஆள், ஐரோப்பிய ஸ்பிரிண்டர்கள் பக்கத்தில் நின்றால் சிறுவன் போலத் தெரிவார். 2011-இல் மான்செஸ்டரில் விழுந்து, தளத்தின் மரச் சிராய் கெண்டைக்காலை ஊடுருவி நிற்க, எழுந்து வந்து மூன்றாவதாக முடித்தார். ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017-இல் உலகச் சாம்பியன், டோக்கியோவில் வெள்ளி. அப்பேர்ப்பட்டவர் பாரிஸில் டெர்னி விலகும் முன்னால் அதை முந்திவிட்டதால் முதல் சுற்றிலேயே தகுதியிழந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு வருட உழைப்பு ஒரு சக்கர நீளத்தில் போய்விடும் விளையாட்டு இது. இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது.

டீம் ஸ்பிரிண்ட்தான் நம் நாட்டுக்கு வாசல் திறந்த போட்டி. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஈசோ அல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் எல்லாம் இருந்த இந்திய அணி தங்கம் வாங்கியது. அதற்கு முந்தைய வருடம் ஈசோ கெய்ரினில் வெள்ளி வாங்கியிருந்தார். 2022-இல் டெல்லி ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ரொனால்டோ சீனியர் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கினார். ஈசோ அந்தமான் நிகோபார் தீவுகளைச் சேர்ந்தவர், மற்ற இருவரும் மணிப்பூர். பணக்கார ஊரிலிருந்து யாரும் வரவில்லை. பெண்களில் சுனாமியில் பிழைத்து வந்த அந்தமானின் டெபோரா ஹெரால்டு எங்களுக்கெல்லாம் வழி காட்டியவர். நான் ஓட்டிய காலத்தில் பெண்கள் டீம் ஸ்பிரிண்ட் இரண்டு பேர், இரண்டு சுற்று. டோக்கியோவுக்குப் பிறகு மூன்று பேர், மூன்று சுற்று ஆகிவிட்டது. இது சின்ன மாற்றம் இல்லை. முன்பு நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்புகிறவளுக்கும் அவளைப் பிடித்துக்கொண்டு போய் முடிப்பவளுக்கும்தான் இடம். இப்போது கடைசிச் சுற்றையும் வேகம் விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருத்தி வேண்டும். ஸ்பிரிண்டுக்குக் கொஞ்சம் மெதுவு, பர்சூட்டுக்குக் கொஞ்சம் பலம் ஜாஸ்தி என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பெண்பிள்ளைகளே, உங்களுக்கான இடம் இதுதான், 1000 மீட்டர் டைம் டிரயலைப் பழகுங்கள்.

ஸ்பிரிண்ட் பயிற்சியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "என்னம்மா, பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கிறே" என்பார்கள். ஒரு முழு வேக ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 15, 20 நிமிடம் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வைக் குறைத்தால் இரண்டாவது ஓட்டம் மெதுவாகும், மெதுவாக ஓட்டிப் பழகினால் உடம்பு மெதுவாகத்தான் கற்கும். நம் ஊரில் களைத்து விழுந்தால்தான் உழைப்பு என்ற எண்ணம் கோச்சுகளிடமும் இருக்கிறது. ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வேகம் விழுந்ததும் அன்றைய வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போங்கள்.

பெண்களுக்குத் தனியாக: சீட் புண்ணை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பயிற்சி முடிந்த உடனே ஈரமான ஷார்ட்ஸை மாற்றுவது, பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடாமல் இருப்பது, சீட்டின் மூக்கை ஒரு டிகிரி இறக்கிப் பார்ப்பது, இவ்வளவில் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். மாதவிடாய் தேதியைப் பயிற்சி டைரியிலேயே குறித்து வையுங்கள், கோச் ஆணாக இருந்தாலும் சொல்லுங்கள். விழுந்தால் மரச் சிராயை நீங்களே பிடுங்காதீர்கள், டாக்டர் எடுக்கட்டும், டெட்டனஸ் ஊசி போட்ட தேதி தெரிந்திருக்கட்டும். தலை தரையில் பட்டால் ஹெல்மெட் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

ஊக்கமருந்துச் சோதனையைக் குறித்துப் பயப்படத் தேவையில்லை, ஆனால் அலட்சியமாக இருக்கவே கூடாது. நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) அதிகாரி வந்தால் அவர் பார்வையிலேயே இருக்க வேண்டும், குறைந்தது 90 மில்லி சிறுநீர், ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் நீங்களே ஊற்றி நீங்களே மூட வேண்டும். சமீபத்தில் சாப்பிட்ட மருந்து, சத்துப் பவுடர் எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான், "ஜிம் அண்ணன் கொடுத்தார்" என்பது செல்லாது. முகாமில் என்னோடு இருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு டப்பா பவுடரால் தடை வந்தது. நல்ல பிள்ளை, ஏமாற்றத் தெரியாதவள். அதிலிருந்து நான் பருப்பு, முட்டை, மீன், பால் தவிர எதையும் நம்பியதில்லை. சளிக்கு மருந்து வாங்கினாலும் டாக்டரிடம் விளையாட்டு வீராங்கனை என்று சொல்லித்தான் வாங்குவேன்.

இனி வேலை. டிராக்கில் பரிசுப் பணத்தை வைத்து யாரும் இங்கே வாழ முடியாது. வாழ வைப்பது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான்: ரயில்வே, ராணுவம், விமானப்படை, போலீஸ். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, சர்வீசஸ் (முப்படை) அணிகள் தேசியப் போட்டியில் தனி அணியாகவே வரும். அங்கே சேர்ந்தால் சம்பளத்தோடு பயிற்சிக்கு நேரமும் கிடைக்கும். சீனியரில் முதல் மெடல் வாங்கிய வருடமே விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள், அடுத்த வருடம் இன்னும் பெரிய மெடலோடு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு விழுதல் போதும், காறை எலும்பு உடைந்தால் ஒரு சீசன் போய்விடும்.

சான்றிதழ் விஷயத்தில் கறாராக இருங்கள். மத்திய அரசு வேலைகளுக்கு நாட்டுக்காக ஆடியிருந்தால் ஃபார்ம் 1, மாநிலத்துக்காக என்றால் ஃபார்ம் 2, பல்கலைக்கழகத்துக்கு 3, பள்ளிக்கு 4. மெடலையும் பங்கேற்புச் சான்றிதழையும் மட்டும் கொண்டுபோனால் போதாது. முதல் இரண்டு படிவங்களில் உரிய சங்கத்தின் செயலாளர் கையெழுத்து வேண்டும், மற்ற இரண்டில் பல்கலைக்கழகம், கல்வித் துறையின் உரிய அதிகாரி கையெழுத்து வேண்டும். போட்டி முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் நிர்வாகிகள் மாறியிருப்பார்கள், பதிவேடு எங்கே என்று தெரியாது. எனக்கு முன்னால் ஓட்டிய ஒரு அக்கா இந்த ஒரு கையெழுத்துக்காக அலைந்து வயது வரம்பையே தாண்டிவிட்டார். அவர் காலில் இருந்த வேகத்துக்கு நாங்கள் யாரும் கிட்டவே வர முடியாது.

பெயர், பிறந்த தேதி, அப்பா பெயரின் முதலெழுத்து மூன்றும் ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சங்கப் பதிவு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஜூனியர் என்பது 17, 18 வயது இரண்டே வருடம். வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் வந்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓடினால் விமானம் போய்விடும். பதினைந்து வயதிலேயே பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிடுங்கள்.